பார்ட்டியை உள்ளே விட்டவன்

"சரக்கு தறியில ஓடிட்டிருக்குதுங்க." குமாரபாளையத்தில் ஜவுளி பண்ணுகிறவனுக்கு இந்த ஒரு வரி தெரிந்தால் பாதித் தொழில் கற்றாயிற்று. நூல் இன்னும் கோனாகக் குடோனில் தூங்கும், பாவு கஞ்சி ஏறாமல் சைசிங்கில் கிடக்கும். பார்ட்டி போன் செய்தால் மட்டும் தறி ஓடும். குரலுக்குப் பின்னால் சத்தம் கேட்க வேண்டுமே என்று, வேறு யாருடைய கைலியோ ஓடிக்கொண்டிருக்கும் தறிக்குப் பக்கத்தில் போய் நின்று பேசியவன் நான்.

இப்படிப்பட்டவனுக்கு ஸ்லாக் என்கிற அலுவலகப் பேச்சுச் செயலி எதற்கு? பெங்களூரில் இருக்கும் மச்சினன் ஏற்பாடு. "வாட்ஸாப்புல டிசைனும் குட்மார்னிங்கும் ஒண்ணாக் கிடக்குது மாமா" என்றான். வெளி ஆட்களையும் உள்ளே சேர்க்கலாமாம். கம்பெனியும் கம்பெனியும் சேனலைப் பகிர்ந்துகொள்ள 2020-லேயே ஸ்லாக் கனெக்ட் வந்துவிட்டது. ஸ்லாக்கே இல்லாதவரை ஒரே சேனலுக்கு மட்டும் கெஸ்டாகக் கூப்பிடலாம். காசு கட்டும் உறுப்பினர் ஒருவருக்கு ஐந்து கெஸ்ட் வரை இலவசம். இலவசம் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆனால் உண்மைக் காரணம் வேறு. என் பார்ட்டி ஈரோட்டு மொத்த வியாபாரி. காவிரிப் பாலம் தாண்டினால் பவானி, அதைத் தாண்டினால் ஈரோடு. நினைத்தால் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து தறி முன்னால் நிற்பார். அவர் நேரில் வராமல் இருக்கத்தான் செயலிக்குள் வரவேற்றேன்.

வாட்ஸாப் குழுவில் புதிதாக வருகிறவருக்குப் பழைய பேச்சு தெரியாது என்றே பழகிய புத்தி. அவருக்கென்று புதுச் சேனல் திறக்கச் சோம்பல்பட்டு, நடப்பில் இருந்த சேனலிலேயே சேர்த்துவிட்டேன். ஸ்லாக்கில் சேனலுக்குள் வந்தவருக்கு அதன் முதல் நாளிலிருந்து எல்லாம் தெரியும். மேலே போய்ப் போய்ப் படித்திருக்கிறார். மேஸ்திரி கேட்டிருந்தார்: "பாவே வரலீங்க, பார்ட்டிக்கு என்ன சொல்றது?" கீழே என் பதில்: "தறியில இருக்குன்னு சொல்லிட்டேன். செவ்வாக்கிழமை கேட்டா மடிச்சிட்டிருக்கோம்னு சொல்லுங்க."

அதன்மேல் இரண்டு கண் பொம்மை ஒன்று முளைத்திருந்தது. பதறியடித்து அழித்தேன். மறுநாள் போன் வந்தது.

"தம்பி, இன்னிக்குச் செவ்வாக்கிழமைங்க. மடிச்சாச்சுங்களா?"

கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரித்தார். அதற்கப்புறம் அவருக்கென்று சுத்தமான சேனல் ஒன்று திறந்தேன்; அதில் நானே கூலிக் கணக்கையும் நூல் விலையையும் கைதவறிப் போட்டுவிட, அடக்கம் தெரிந்துபோய், மீட்டருக்குக் கொஞ்சம் குறைத்துக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதை விரிவாக எழுத மனசில்லை.

இத்தனைக்கும் பிறகும் மனிதர் வெளியேறவில்லை. ரேடியோ கேட்கிறவர் மாதிரி தினமும் காலையில் வந்து படிக்கிறார். போன வாரம் ஒரு யோசனையும் சொன்னார்: "தாமசமெல்லாம் சைசிங்லதான்னு சொல்றீங்க. அவரையும் உள்ள கூப்புடுங்க தம்பி, நேரா அவரையே கேட்டுப்போடலாம்."

மறுக்க வழியில்லை. பழியெல்லாம் அவர் மேல்தானே போட்டு வைத்திருந்தேன்? அழைப்பை அனுப்பினேன். சைசிங்காரர் சேர்ந்து, வணக்கம்கூடச் சொல்லாமல் முதல் வரியைப் போட்டார்: "பழைய பாக்கி வந்தா பாவு நாளைக்கே வருமுங்க."

பார்ட்டி அதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்.