ஈட்டியின் வரிகள்

கேள்வி: வால்நட் மரத்தில் ஓடும் அலைவரிகள்தான் அதன் விலையைக் கூட்டுகின்றனவாமே. நம் பக்கத்து மலையில் அதற்கு நிகரான மரம் உண்டா?
— ஒரு வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: காஷ்மீர் வரை ஏன் போகிறீர்கள்? தெற்கே ஆனைமலையில் ஈட்டி நிற்கிறதே! தோதகத்தி என்றும், ஆங்கிலத்தில் ரோஸ்வுட் என்றும் சொல்வோம். வால்நட்டில் வேரும் அடிமரமும்தான் கறுத்து, ரேகை அழுத்தமாக விழும், கிளைக்கட்டை வெளிறிப்போகும். ஈட்டியிலோ வைரம் முழுக்கக் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த வரிகள். இழைத்த பலகையை ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள், மங்கிக் கிடந்த வரியெல்லாம் எழுந்து வரும். நார்கள் பின்னிக் கிடப்பதால், பலகையைத் திருப்பினால் பட்டுப்புடவை மாதிரி நிறம் மாறும். அதே பின்னல்தான் இழைப்பதையும் கடினமாக்கும். ஆசாரியிடம் கேட்டால் பெருமூச்சோடு புகழ்வார்.

மைசூரின் உட்பதிப்பு வேலைக்கு இந்தக் கட்டைதான் தளம். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானதும், 1969-ல் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி கிதார் முதுகுக்கு இந்திய ஈட்டிக்கு மாறியது.

கேரளத்தில் ஈட்டி ராஜமரம், அதாவது அரசுக்கு உரிய மரம். 2021-ல் வயநாட்டின் முட்டில் என்ற ஊரில் நடந்த ஈட்டிவெட்டு பெரிய வழக்கானது நினைவிருக்கும். மெதுவாக வளரும் மரம், வெட்டாமல் விட்டுவிடுங்கள். பழைய தறவாட்டுக் கட்டில் ஏதாவது விலைக்கு வந்தால், தயங்காமல் வாங்குங்கள்.