39 நாள் விரதம்

நம் நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களைக் குறை சொல்பவர்கள் நன்றி கெட்டவர்கள். 198-ஐ அழைத்துப் பாருங்கள். தமிழுக்கு ஓர் எண், புதிய திட்டத்துக்கு ஓர் எண், காலர் டியூனுக்கு ஓர் எண் என்று எத்தனை கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள்! மனிதக் குரல் கேட்கும் கதவு மட்டும் எங்கோ உள்ளே இருக்கிறது. கருவறை என்றால் அப்படித்தான் இருக்கும். ஆள் 90 விநாடிக்குள் எடுத்துப் பேசவேண்டும் என்று விதி உண்டு. அந்த 90 எப்போது தொடங்குகிறது என்று கேட்பது பக்தருக்கு அழகல்ல.

புகார் பதிவானதும் டாக்கெட் எண் தருவார்கள். குறை தீருமோ தீராதோ, எண் நிச்சயம். திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம். 2012-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி 39 நாளில் முடிவு சொல்லவேண்டும். ஐயப்பனே 41 நாள் விரதம் கேட்கிறார், இவர்கள் இரண்டைக் குறைத்திருக்கிறார்கள். மேல்முறையீட்டை விசாரிப்பவர் யார் தெரியுமா? அதே நிறுவனம் நியமித்தவர். வேலிக்கு ஓணான் சாட்சி என்று கேலி பேசிய நம் பெரியவர்களுக்கு, ஓணானை நீதிபதியாகவே உட்கார வைக்கலாம் என்று தோன்றவில்லை பாருங்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 1997 முதல். தனி ஆளின் புகாரை அது விசாரிக்காது, நிறுவனத்துக்கு அனுப்பிவைக்கும். ஊரையே பார்க்கிறவர் ஒருவர் முகத்தையா பார்த்துக்கொண்டிருப்பார்?

அப்படிப்பட்ட ஆணையமும் 2015-இல் ஒருமுறை நிதானம் இழந்தது. பாதியில் அறும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு ரூபாய், நாளுக்கு அதிகபட்சம் மூன்று ரூபாய் வாடிக்கையாளருக்குத் தரவேண்டும் என்று சொல்லிவிட்டது. அலைக்கற்றை ஏலத்தில் ஆயிரக்கணக்கான கோடிகளை அசராமல் எடுத்துவைத்த நிறுவனங்கள், இந்த மூன்று ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை போயின. காசின் அருமை தெரிந்தவர்கள்! நூற்றுக்கு இரண்டு அழைப்பு அறுந்தால் குற்றமில்லை என்று ஆணையமே முன்பு வரையறுத்திருந்தது அங்கே அவர்களுக்கு நன்றாகக் கைகொடுத்தது. 2016 மே மாதம் விதி ரத்தானது. மூன்று ரூபாயால் நாம் கெட்டுப்போகாமல் காப்பாற்றப்பட்டோம்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகும் அலைச்சலும் நமக்குப் பல ஆண்டுகள் மிச்சமானது. 2009-இல் வந்த ஒரு தீர்ப்பு, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தைக் காட்டி, இந்த வழக்குகளுக்கு நடுவர்தான் வழி என்றது. தந்தி 2013-இல் உயிரை விட்டது. தந்திச் சட்டமோ 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்துவிடும்வரை வாசலில் நின்று காவல் காத்தது. செத்த பிறகும் இத்தனை விசுவாசம் யாருக்கு வரும்?

பஞ்சாங்கக்காரர்களால் முடியாததையும் நம் நிறுவனத்தார் முடித்தார்கள். 28 நாளை ஒரு மாதமாக்கி, வருஷத்துக்குப் பதின்மூன்றாவது ரீசார்ஜைப் பரிசளித்தார்கள். 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருங்கள் என்று 2022-இல் டிராய் கெஞ்சிக் கேட்க, பெருந்தன்மையாக வைத்தார்கள். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது நம் புண்ணியத்தைப் பொறுத்தது.

2024-இல் வந்த விதி இன்னும் கருணையானது: மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் இழப்பீடு உண்டு. உங்கள் தெருவில் மட்டும் சிக்னல் இல்லையா? மாவட்டம் நலமாக இருக்கிறதே, சந்தோஷப்படுங்கள். புகார் கொடுத்திருந்தால், ‘உங்கள் குறை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள்’ என்ற குறுஞ்செய்தி கட்டாயம் வரும். மொட்டை மாடிக்குப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.