தெருவுக்கு மிச்சம் ஒன்றரை அடி

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி வரை எந்த ஊருக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். சொந்தமாக ஒரு லாரி. அதில் பாதிக்கு மேல் பைனான்ஸ்காரருக்குச் சொந்தம். வீட்டின் நெற்றியிலும் முருகன் துணை, லாரியின் நெற்றியிலும் முருகன் துணை. இவர் விலாசத்தைக் கேட்டால் கதவு எண்ணை யாரும் சொல்வதில்லை. "லாரி நிக்குதுல்லங்க, அந்த ஊடு."

ஊராட்சி போட்டுக் கொடுத்த சிமென்ட் தெரு பத்தடி. லாரியின் அகலம் சட்டப்படி 2.6 மீட்டர் வரை இருக்கலாம். அதாவது எட்டரை அடி. மிச்சமுள்ள ஒன்றரை அடியில்தான் ஊர் போய்வர வேண்டும். பால்காரர் மொபெட் போய்விடும். எருமையும் போகும், கொஞ்சம் யோசித்துவிட்டு.

லோடு இறக்கிவிட்டு இவர் வந்து சேருவது பெரும்பாலும் நடுச்சாமத்தில். கிளீனர் பின்னால் நின்று, "வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடிங்க... போதும், போதும்!" என்று போடும் சத்தத்தில் தெருவே எழுந்து உட்கார்ந்துவிடும். ஏர் பிரேக் 'புஸ்ஸ்' என்றதும் இறங்கி, கட்டையால் ஒவ்வொரு டயராகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். "பெத்த புள்ளைக்குக் காய்ச்சல்னாக்கூட இப்படித் தொட்டுப் பாத்ததில்லீங்க" என்பது வீட்டம்மாவின் வாக்குமூலம்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

"ஏனுங்க, பைபாஸ் ஓரமா நிறுத்துனா ஆகாதுங்களா?"

"ஆகுமுங்க வாத்தியாரே. காலையில போய்ப் பாத்தா டேங்க்குல டீசல் இருக்காது, பேட்டரி இருக்காது. ஸ்டெப்னி இருந்தா நம்ம யோகமுங்க."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு லாரி வந்த வேகத்தில் லாரி நிறுத்த இடம் வரவில்லை.

வாத்தியார் விடவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 127வது பிரிவை ஜெராக்ஸ் எடுத்துவந்து வாசித்துக் காட்டினார். பொது இடத்தில் பத்து மணி நேரம் ஆளில்லாமல் நிற்கும் வண்டியை அப்புறப்படுத்தப் போலீஸ் உத்தரவிடலாம். முழுவதையும் பணிவாகக் கேட்டுக்கொண்டவர் அதில் இரண்டே சொற்களைப் பிடித்துக்கொண்டார். 'ஆளில்லாமல்' என்பதற்காக அன்றிரவு முதல் கிளீனருக்குக் கேபினில் படுக்கை. 'பத்து மணி நேரம்' என்பதற்காக ஒன்பதாவது மணியில் வண்டியைக் கிளப்பி இரண்டடி முன்னால் நகர்த்துவார். அடுத்த ஒன்பதாவது மணியில் இரண்டடி பின்னால். சட்டத்தை இவ்வளவு சிரத்தையாக மதித்த குடிமகனை எந்த நீதிமன்றமும் கண்டிருக்காது. புகை மட்டும் வாத்தியார் வீட்டுத் திண்ணைக்கு.

போன புரட்டாசியில் பங்காளி வீட்டு மாப்பிள்ளை பன்னிரண்டு சக்கர வண்டி ஒன்றை வாங்கினான். மாலையும் எலுமிச்சம்பழமுமாக வந்தது, நேராக இவர் கேட்டை மறித்து நின்றது.

அக்டோபர் 2 கிராம சபை. குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் முடிந்து, வாத்தியார் மனுவைப் பிரிப்பதற்குள் இவர் எழுந்துவிட்டார்.

"தெருவுல வண்டி நிறுத்தறதுக்கு ஒரு முறை வேண்டாமுங்களா, தலைவரே? அடுத்தவன் வாசலை மறிச்சு நிறுத்தப்படாதுன்னு 2017லயே மத்திய சர்க்கார் விதி போட்டிருக்குதுங்க. வேணும்னா வாத்தியாரைக் கேளுங்க, ஜெராக்ஸே வெச்சிருக்காரு!"

பின்வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"மாமா, இன்னும் பத்து மணி நேரம் ஆகலீங்களே!"