கூதிர்காலத்தில் கூடாரம் அடிப்பது எப்படி?

முதலில் காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். "மாமா, இலையுதிர்காலத்துல அங்க வந்து ஒரு கேம்பிங் போடலாமா?" என்று சென்னையிலிருந்து என் அக்கா மகன் போனில் கேட்டான். திருவாலங்காட்டில் இலை உதிர்வதற்கென்று யாரும் தனியாகக் காலம் ஒதுக்கி வைக்கவில்லை. அவன் சொல்லும் மாதங்களுக்கு இங்கே ஐப்பசி, கார்த்திகை என்று பெயர். பழைய ஆட்கள் கூதிர் என்றார்கள். அப்போது உதிர்வது மழை. ஆகவே தண்ணீர் புகாத கூடாரமாகப் பார்த்து வாங்காதீர்கள். எப்படியும் உள்ளே வந்துவிடும் தண்ணீரை அது வெளியே விடாது.

அடுத்து இடம். அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறித் திருவாலங்காட்டில் இறங்குங்கள். ஸ்டேஷன் பெயரை நம்பி வாசலில் கோயிலைத் தேட வேண்டாம், அது சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத அமைதியான இடம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஊருக்கு நிகரில்லை. காரைக்கால் அம்மையார் பாடியதே இங்கத்துச் சுடுகாட்டையும் பேய்களையும்தான். பக்கத்திலேயே பழையனூர். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வணிகனைத் தன் புருஷன் என்று வழக்காடிய நீலிப் பேயின் ஊர். அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த வேளாளர்கள் எழுபது பேரும், அவன் செத்ததும் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. எனவே நள்ளிரவில் யாராவது குழந்தையோடு வந்து கூடாரத்துக்கு வெளியே நின்று நியாயம் கேட்டால், "காலைல பேசிக்கலாம்மா" என்று சொல்லிப் பழகுங்கள்.

கேம்பிங் என்றால் மலையும் ஏற வேண்டுமாம், ஏறும் முன் உடம்பைத் தளர்த்த வேண்டுமாம். திருவாலங்காட்டுக் கோயிலின் இரத்தின சபையில் நடராசரைப் பாருங்கள். கீழே விழுந்த குழையைக் காலாலேயே எடுத்துக் காதில் மாட்டியவர். காளியே தோற்றுப்போன ஆட்டம் அது, வீட்டில் முயல வேண்டாம். ஷூ விஷயத்தில் நான் அம்மையார் கட்சி. கயிலையில் கால் படக்கூடாது என்று தலையாலேயே நடந்தவர். எவ்வளவு பணம் மிச்சம்!

திருத்தணியில் 365 படி. அது ஒத்திகை. ஏறிக் கும்பிட்டுவிட்டு இறங்கி, சோளிங்கர் பஸ்ஸைப் பிடியுங்கள்.

சோளிங்கரில் 1305 படி. மேலே யோக நரசிம்மர் பதினொரு மாதம் யோகத்தில் இருந்துவிட்டுக் கார்த்திகையில் கண் திறக்கிறார் என்பது நம்பிக்கை. அதனால் அந்த மாதம் ஊரே திருவிழா. ஞாயிற்றுக்கிழமையில் போனால் நீங்கள் ஏற வேண்டியதில்லை, கூட்டமே ஏற்றிவிடும். முன்னால் தமிழில் ஒரு கோவிந்தா, பின்னால் தெலுங்கில் ஒரு கோவிந்தா, நடுவில் உங்கள் முதுகுப்பை. இந்த மலைக்குக் கடிகாசலம் என்று பெயர். ஒரு கடிகை, அதாவது 24 நிமிடம், இங்கே இருந்தாலே மோட்சம் என்பார்கள். மூன்று பகல் நான்கு இரவு பேக்கேஜ் விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

சோளிங்கரில் முறைப்படி முகாம் போட்டவர்கள் என்றால் 1781-இல் வந்த இரண்டு படைகள்தான். ஒன்று ஐதர் அலியுடையது, மற்றது ஐர் கூட் தலைமையில் வந்த கம்பெனிப் படை. செப்டம்பர் 27-ஆம் தேதி சண்டையில் கூட் ஜெயித்தார். ஆனால் அவர் படை சோற்றுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தது. கூடாரம் இருக்கிறதே என்று சோற்றுமூட்டையை மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

சோறு என்றால் புளிசோறு. மருமகன் எனர்ஜி பார் கொண்டுவந்திருந்தான். பாதி மலையில் உட்கார்ந்து அதன் உறையைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு இறங்கி வந்து வாங்கிக்கொண்டது. மூலையை நகத்தால் கிழித்தது. ஒரு கடி கடித்தது. அவன் முகத்தை ஒருமுறை பார்த்தது. பிறகு அதை அப்படியே படியில் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த அம்மாளின் மடிப் பொட்டலத்துக்குப் போனது. அம்மாள் கையில் குச்சி இருந்தது. அடிவாரத்திலேயே குச்சி வாங்கு என்று இவனிடம் நான் சொல்லியிருந்தேன், 'டிரெக்கிங் போல்' இருக்கிறது என்றான். அது மடித்து, பைக்குள், அடியில் இருந்தது.

2024 மார்ச்சில் ரோப்கார் வந்துவிட்டது. முதல் நூறு படியிலேயே முழங்கால் பேச ஆரம்பித்தால் வெட்கப்படாமல் இறங்கி வந்து அதில் ஏறுங்கள். நரசிம்மர் கணக்குக் கேட்க மாட்டார். ஊர் திரும்பியதும் நீங்களும் சொல்ல வேண்டியதில்லை.

கேம்ப்ஃபயர்? அதற்குத்தான் திருக்கார்த்திகை இருக்கிறது. கோயில் முன்னால் பனைமரத் துண்டை நட்டு, காய்ந்த ஓலையைச் சுற்றி, சொக்கப்பனை கொளுத்துகிறோம். கிட்டார் வாசிக்க நினைப்பவர்கள் நாதஸ்வரக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளவும்.

மருமகன் அன்றிரவு என் வீட்டுத் திண்ணையில்தான் தூங்கினான். கூடாரத்தைக் கொல்லையில் அடித்தது அடித்தபடி விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். போன வாரம் பக்கத்து வீட்டு வெள்ளாடு அதற்குள் இரண்டு குட்டி போட்டிருக்கிறது. அடுத்த கார்த்திகைக்கு வருகிறவர்கள் பாய் கொண்டு வரவும்.