காக்கி கேள்விகள்

கே: பத்தாம் வகுப்புதான் படித்திருக்கிறேன். போலீஸ் ஆக முடியுமா? (ராமநாதபுரம் வாசகர்)

ப: தாராளமாக. இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் கேட்கும் படிப்பு அவ்வளவுதான். ஆனால் தமிழ்த் தகுதித் தேர்வு ஒன்று இருக்கிறது. அதில் 40 சதவீதம் வாங்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். 'தமிழ்தானே' என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

கே: ஓட்டம் கடினமா?

ப: ஆண்களுக்கு 1,500 மீட்டர், 7 நிமிடம். நாளை விடியற்காலையே மைதானத்துக்குப் போங்கள்.

கே: "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு போலீஸ் வேலை?" என்கிறார் அப்பா. (தேனி வாசகி)

ப: 1973-ல் தமிழ்நாட்டில் பெண் போலீஸ் தொடங்கியபோது ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 காவலர்கள். அந்த 22 பேர் வீட்டிலும் இதே கேள்வி எழுந்திருக்கும். 2010-ல் லத்திகா சரண் மாநிலத்தின் டி.ஜி.பி. ஆகிவிட்டார். திருநங்கை பிரித்திகா யாஷினி உயர் நீதிமன்றம் வரை போராடி எஸ்.ஐ. ஆனார். அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: அடிபட்டு ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஒரு பெண் யாரிடம் வாய் திறப்பாள்?

கே: மேலதிகாரி தப்பு செய்தால் சாதாரணக் காவலர் என்னதான் செய்ய முடியும்?

ப: இதைக் கேட்டுவிட்டு வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்களே, அதுவே நல்ல அறிகுறி. 2020-ல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடிக்கப்பட்டு, பிறகு இறந்துபோனார்கள். அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் ஏட்டு, விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம், விடிய விடிய அடித்ததையும் லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருந்ததையும் சொன்னார். பயந்துகொண்டேதான் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனாலும் சொன்னார். தொப்பியில் உள்ள சின்னத்துக்கு மரியாதை அன்று அவரால்தான் மிஞ்சியது என்பேன். மேலதிகாரி சொன்னார் என்பதற்காகச் சட்டவிரோதமாகக் கை ஓங்கினால், வழக்கில் உங்கள் பெயரும் சேரும். அதையும் மனதில் வையுங்கள்.

கே: எஸ்.ஐ., டி.எஸ்.பி., ஐ.பி.எஸ். மூன்றுக்கும் ஒரே தேர்வா?

ப: இல்லை. எஸ்.ஐ.க்குச் சீருடைப் பணியாளர் வாரியம், டி.எஸ்.பி.க்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப்-1, ஐ.பி.எஸ்.க்கு யு.பி.எஸ்.சி.

கே: பணம் கொடுத்தால் போலீஸ் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

ப: ஓடப்போவது நீங்கள், கயிறு ஏறப்போவது நீங்கள், அவருக்கு எதற்குப் பணம்? உடனே புகார் கொடுங்கள். உங்கள் முதல் வழக்கு அதுவாகவே இருக்கட்டும்.