இரைச்சற் படலம்

காரில் ஆக்ஸ் பின்னைச் சொருகியதும் பாட்டுக்கு அடியில் எழும் வேண்டாத ஓசை யாவும் இரைச்சல் எனப்படும். பாட்டே வேண்டாததாக இருத்தல், அஃதாவது பின் சீட்டுப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது, இதில் அடங்காது. அது வேறு நூலுக்கு உரிய பொருள்.

முன்னோர் இரைச்சலைக் காதில் விழும் விதத்தால் கொய்ங், ர்ர்ர், டட்டட், கரகர என நான்காகப் பிரித்தனர். மெக்கானிக் ஷெட்டுகளில் இவ்வழக்கு இன்றும் உண்டு. ஆனால் கணவனுக்குக் கொய்ங் எனக் கேட்பது மனைவிக்கு ர்ர்ர் எனக் கேட்கிறது. மாமனாருக்குக் கேட்பதே இல்லை. ஆகவே எதைச் செய்தால் அடங்குகிறதோ அதைக் கொண்டு பிரிப்பதே இப்படலத்தின் துணிபு. அவ்வழியே இரைச்சல் இரு திணைப்படும்: எஞ்சினைச் சார்ந்தது, சாராதது.

சார்ந்தவற்றுள் தலையாயது சங்கோசை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஏறும், காலை எடுத்தால் இறங்கும், எஞ்சினை நிறுத்தினால் ஓயும். இதன் பிறப்பிடம் ஆல்டர்னேட்டர். மெக்கானிக்குகள் வாயில் டைனமோ. அதன் சுழலியில் பெரும்பாலும் 12 காந்தமுனைகள் இருக்கும். மூன்று சுருள்களில் பிறக்கும் மின்சாரத்தை ஆறு டையோடுகள் ஒருதிசைப்படுத்திய பின்னும், ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகள் எஞ்சி நிற்கும். ஐட்லிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று, பெல்ட் அதை இரண்டரை மடங்காக்குகிறது என்று கொண்டால், சுருதி 1200 ஹெர்ட்ஸ். எஞ்சின் 3000 சுற்றை எட்டும்போது அதுவே 4500. பரனூர் டோல்கேட் வரிசையில் தொடங்கிய சுரம், அடுத்த லாரியை முந்துவதற்குள் ஏறத்தாழ இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். எங்கும் அறுபடாத அப்படியொரு ஜாரு நல்ல வயலின் வித்வான்களுக்கே அரிது. பாராட்ட மனம் வராததற்குக் காரணம், அதே நேரத்தில் வேறொருவர் வேறொரு சுருதியில் பாடிக்கொண்டிருப்பதுதான்.

டைனமோவின் சிற்றலை பாட்டுக்குள் எப்படிப் புகுந்தது எனின், எர்த் வழியாக என்க. போனைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜ் போட்டு, அதே போனை ஆக்ஸ் கேபிளால் செட்டுடன் இணைத்தால், அதற்கு வண்டியின் பாடியோடு இரண்டு தொடர்புகள் ஏற்படுகின்றன: ஒன்று சார்ஜர் வழி, மற்றொன்று கேபிளின் மேலுறை வழி. இரண்டும் பாடி எர்த். இரண்டும் பூச்சிய வோல்ட். நூல் அப்படித்தான் சொல்கிறது. ஹெட்லைட்டும் ஏசி புளோயரும் ஓடும்போது அந்தத் தகரத்தில் பாயும் மின்னோட்டம் நூல் படித்ததில்லை. இரண்டு முனைகளுக்கிடையே சில மில்லிவோல்ட் வேறுபாடு தோன்றி, கேபிளின் உறை வழியே ஓடும். பாட்டின் மெல்லிய இடங்களும் மில்லிவோல்ட் கணக்குதான். செட்டுக்கு இரண்டும் ஒன்றே. ஒரே மரியாதையுடன் இரண்டையும் பெரிதாக்கும். இந்த இரட்டை எர்த் வளையத்துக்கு கிரவுண்ட் லூப் என்று பெயர்.

சார்ந்தவற்றுள் இரண்டாவது பொறியோசை. ஸ்பார்க் பிளக்கின் டிக்டிக். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் இன்மையின் இது பெட்ரோலுக்கே உரித்து.

எஞ்சினைச் சாராதவை பல. மலிவான சார்ஜர் 12 வோல்ட்டை 5 ஆக வெட்டும்போது எழும் ர்ர்ர், எஞ்சின் ஓடாமலே கேட்கும். போனைக் கழற்றிய பின் தொங்கும் பின்னின் நுனியில் விரல் பட்டால் வரும் உறுமல் வெறும்பின் ஓசை. 2ஜி போன்கள் நொடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு அலை வீசியதால் பிறந்த டட்டட் தூதோசை. மணி அடிக்குமுன்பே அழைப்பை அறிவித்த பெருமை அதற்குண்டு. இன்று அருகிவிட்டது.

மாயக்குரல் என்பதை இங்கே சேர்க்கலாமா என்பது ஐயம். பின்னின் எர்த் தொடர்பு விட்டுப்போனால் இடது, வலது இரண்டின் வேறுபாடு மட்டுமே ஒலிக்கும். நடுவில் நிற்கும் பாடகர் மறைவார்; ஓரத்து வயலின்களும் குரலின் எதிரொலியும் மிஞ்சும். மோனோவில் பதிவான பழைய பாட்டானால் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். இது இரைச்சலன்று, களவு.

இனி மருந்து. கார் சாமான் விற்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டால் ஒரு கடையில் புது ஆம்ப் என்பார்கள், அடுத்த கடையில் கேபிளுக்குக் கரிய காந்தமணி மாட்டச் சொல்வார்கள். மணி வானொலி அலைக்கு ஆகும், சங்கோசைக்கு ஆகாது. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள் என்று எவரும் சொல்வதில்லை; அதில் விற்க ஒன்றுமில்லை. பிடுங்கியதும் அடங்கினால் நோய் சார்ஜரிலோ லூப்பிலோதான். பவர் பேங்கில் சார்ஜ் ஏற்றினால் இரண்டும் ஒழியும். அது தொல்லை என்பார்க்கு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் உண்டு. சின்ன டப்பாவுக்குள் இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள். கம்பியைக் கம்பி தொடாது, பாட்டு காந்தப்புலம் வழியே தாண்டும், எர்த் தாண்டாது. விலை குறைந்ததில் பேஸ் சற்று மெலியும்.

ஆக்ஸில் சொருகும் புளூடூத் ரிசீவரே போதும் என்பாரும் உளர். அதற்கான கரண்டையும் அந்த லைட்டர் சாக்கெட்டிலிருந்தே எடுத்துவிட்டு, சங்கு ஏன் இன்னும் ஊதுகிறது என்று வியப்பவரும் அவரே.

காசில்லா மருந்து ஒன்று: போனின் வால்யூமை ஏறக்குறைய முழுதும் ஏற்றி, செட்டில் குறைத்தல். லூப் இரைச்சல் போனைத் தாண்டிக் கேபிளில் நுழைவதால், போனில் ஏற்றினால் பாட்டு மட்டுமே ஏறும். நோய் தீராது, அமுங்கும்.

புறனடை: செட்டையே அணைத்த பிறகும் கேட்கும் இரைச்சல் ஆக்ஸைச் சேர்ந்ததன்று. முதலில் டாஷ்போர்டைத் திறந்து, அதில் கிடக்கும் ஸ்குரூடிரைவரை எடுத்து வெளியே வைக்க.