புறப்பாட்டு வைராக்கியம்

வைராக்கியம் மூன்று வகைப்படும் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். காலட்சேபம் கேட்டுவிட்டு வருகிற வழியில் உண்டாகி, வீட்டு வாசற்படி ஏறுவதற்குள் மறைவது புராண வைராக்கியம். இடுகாட்டில் தோன்றி, தலை முழுகியதும் கரைவது மயான வைராக்கியம். மூன்றாவதாகிய பிரசவ வைராக்கியத்தைப் பற்றிப் பேசப் புருஷனாகிய எனக்கு அதிகாரமில்லை. பட்டியல் இந்த மூன்றோடு நின்றுபோனதற்கு, முன்னோர் காலத்தில் கரீபியக் கடலில் மரீனாக்கள் இல்லாமையே காரணமன்றி, அவர்களுடைய நுண்ணறிவில் யாதொரு குறையுமில்லை. சொந்தப் பாய்ப்படகில் உலகம் சுற்றக் கிளம்பி, இரண்டு இரவு தங்கித் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்று அப்படிப்பட்ட துறையொன்றில் நுழைந்தவர்களிடத்தில், தினந்தோறும் மாலை ஆறு மணிக்கு உதித்து மறுநாள் காலை ஏழு மணிக்கு அஸ்தமிக்கிற “நாளைக்குக் கிளம்பிவிடுகிறோம்” என்னும் திடசங்கற்பம் ஒன்று காணப்படுகிறது. அதற்குப் புறப்பாட்டு வைராக்கியம் என்று நாமகரணம் செய்து, அதன் இலக்கணத்தை ஆராயப் புகுகிறேன்.

ஆராய்ச்சிக்குரிய க்ஷேத்திரமாக ஆன்டிகுவாத் தீவின் தென்கரையிலுள்ள இங்கிலீஷ் ஹார்பரை எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டிஷ் கடற்படை பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டி, 1889-இல் கைவிட்டு, 1951 முதல் அன்பர்களால் புதுப்பிக்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்ட நெல்சன்ஸ் டாக்யார்டு அங்கேதான் இருக்கிறது. வருகிற படகு நடுத்துறையில் நங்கூரத்தை இறக்கிவிட்டு, பின்பக்கமாகவே நகர்ந்து வந்து, கருங்கல் மேடையில் இரண்டு கயிறுகளால் தன்னைப் பிணைத்துக்கொள்வது அவ்விடத்து வழக்கம். அதனால் படகுக்காரர் காப்பி குடிப்பதும், மனைவியோடு தர்க்கம் செய்வதும், கடற்படத்தை விரித்து வைத்துப் பெருமூச்சு விடுவதும் மேடைமேல் நடக்கிறவர்களுக்கு நாடகம்போல் தெரியும். வீதியைப் பார்த்த திண்ணை இது. ஆராய்ச்சியாளனுக்கு வேறென்ன வேண்டும்?

பிரத்யட்சம் போதாத இடத்தில் அனுமானத்துக்கும் குறைவில்லை. கட்டிய கயிறு நீர்மட்டத்தைத் தொடுமிடத்தில் பச்சைப் பாசி விரலளவு வளர்ந்திருந்தால், அந்தப் படகின் வைராக்கியம் பலமுறை உதித்து அஸ்தமித்ததென்று ஊகிக்கலாம். மேடைக்குப் போட்ட பலகையின் முனையில் கால்மிதி விரித்திருப்பது அடுத்த நிலை. பாய் சுருட்டும் கட்டையடியில் துளசிக்குச் சகோதரமான பேசில் செடி ஒரு தொட்டியில் தழைத்து, அதிலிருந்து தினம் நான்கு இலை கிள்ளிச் சமையலுக்குப் போகிறதென்றால், அது முற்றிய நிலை. அலையில் சாயக்கூடிய ஒரு பொருளைச் சாயாதென்று நம்பி வைத்தவன் மனத்தளவில் கரையேறிவிட்டான்.

இனிக் காரணங்களைக் காண்போம். முதலாவது காற்று. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வடகிழக்கிலிருந்து கடுமையாக வீசுவதைக் கிறிஸ்துமஸ் காற்று என்பார்கள். அடுத்த தீவாகிய குவாதலூப் தெற்கே சுமார் 40 கடல் மைல். கானரித் தீவுகளிலிருந்து சுமார் 2,700 மைல் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த மாலுமி, இந்த 40 மைலுக்காகத் தினம் காலையில் பாய்மரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஷர்லி ஹைட்ஸ் குன்றின்மேல் மரங்கள் அசைவதைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் தணியட்டும்” என்று உள்ளே போய்விடுகிறான். இதே காற்றில், இதே பருவத்தில், கானரித் தீவுகளில் ஒன்றான லா கொமேராவிலிருந்து துடுப்புப் போட்டுக்கொண்டே சமுத்திரத்தைக் கடந்து இதே துறைக்கு வந்து சேரும் ஒரு பந்தயமும் உண்டு. உள்ளங்கை கன்றிப்போய், நிலத்தில் கால் பாவாமல் தள்ளாடி இறங்குகிற அந்தத் துடுப்புக்காரர்களை, காற்றுத் தணியக் காத்திருப்பவர்கள் சங்கு ஊதி மிகுந்த உற்சாகத்தோடு வரவேற்கிறார்கள். இதில் அவர்கள் யாதொரு முரண்பாடும் காண்பதாகத் தெரியவில்லை.

இரண்டாவது காரணமாகிய உதிரிப் பாகம் தனி நூலே எழுதத் தக்கது. கடல்நீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிரவைக்கிற பம்பினுள்ளே, உள்ளங்கையில் அடங்கும் ரப்பர்ச் சக்கரம் ஒன்று சுழல்கிறது. அதன் இதழ்களில் ஒன்று பிய்ந்தால் புதிது வரவழைக்க வேண்டும். பெட்டியில் மாற்றுச் சக்கரம் இருக்கிறதே என்றால், அதைப் போட்டுவிட்டபின் மாற்றுக்கு மாற்று இல்லாமல் கடலில் இறங்குவது விவேகமா என்று திருப்பிக் கேட்பார்கள். இந்த வாதத்துக்கு நையாயிகரும் பதில் சொல்ல முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் பொட்டலத்தின்மேல் ‘பிரயாணத்தில் இருக்கும் படகு’ என்று எழுதியிருந்தால் சுங்கத்தீர்வையில் சலுகை கிடைக்கும் என்பது தீவுகளின் சட்டம். ஆகவே செடி வளர்த்து, கால்மிதி விரித்து, காய்கறிக்காரியின் பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் தெரிந்துகொண்டுவிட்ட ஒரு குடும்பம் இன்னமும் பிரயாணத்தில்தான் இருக்கிறது என்பதற்கு, உலகத்தில் எஞ்சியிருக்கும் ஒரே லிகித சாட்சி அந்தப் பொட்டலத்தின் மேலுறைதான். அது வந்துசேர்ந்ததும் பிரித்துப் பார்த்து, அளவு மாறி வந்திருக்கிறது என்று தெரிகிற கணத்தில் படகுக்காரர் முகத்தில் பரவுகிற துக்கம், முழுவதும் துக்கந்தானா என்பதை நிச்சயிக்க என்னால் இயலவில்லை.

மூன்றாவது கிழமை. வெள்ளிக்கிழமை கடலில் இறங்குவது ஆகாதென்பது மேல்நாட்டு மாலுமிகளின் பழைய நம்பிக்கை. சனிக்கிழமை சுங்கம், குடியேற்றம், துறைமுகம் என்று மூன்று மேஜைகளுக்கும் போய் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் விரைவிலேயே கிளம்பித் தீர வேண்டுமாதலால், வாங்காமலிருப்பதே பத்திரம். ஞாயிறு மாலை ஷர்லி ஹைட்ஸ் குன்றின்மேல் இரும்புப் பீப்பாய் வாத்தியக் கோஷ்டியின் கச்சேரி. அதைக் கேட்டவன் திங்கட்கிழமை விடிகாலையில் எழுந்திருப்பது சரீர சாத்தியமன்று. செவ்வாயும் புதனும் முன்சொன்ன காற்று. வியாழன் ஒன்று மிஞ்சுகிறது; அன்று கிளம்பினால் நடுக்கடலில் வெள்ளிக்கிழமை பிறந்துவிடக்கூடும். நம்மவரின் வாரசூலை நாளுக்கொரு திசையைத்தான் தடுக்கிறது, அதற்கும் பரிகாரம் சொல்கிறது.

மரீனாவின் வாடகை விகிதமும் இதற்கு உடந்தை. நாள் கணக்கைவிட மாதக் கணக்கில் அடிக்கு இவ்வளவென்று குறைத்துப் போடுவார்கள்; பாதி மாதத்தில் கிளம்புகிறவன் நஷ்டப்படுகிறான். செலவைக் குறைக்கவே தங்கியிருக்கிறோம் என்று கணக்குப் புத்தகத்தைக் காட்டிச் சாதிக்கலாம்.

பிரிவு உபசாரத்தால் விளைகிற சங்கடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நாளை கிளம்புகிறவர்களுக்கு அயற்படகார் இன்றிரவு விருந்து வைப்பது மரியாதை. இந்தத் துறையின் பெயரையே தாங்கிய உள்ளூர் ரம் பரிமாறப்படும், விலாசங்கள் எழுதிக்கொள்ளப்படும், சிலர் கண் கலங்குவதும் உண்டு. மறுநாள் எட்டு மணிக்கு, அழுதவரும் அழப்பட்டவரும் குளியலறை வரிசையில் துண்டும் சோப்புமாக ஒருவர்பின் ஒருவராக நிற்க நேரும்போது, வானிலையைத் தவிர வேறொன்றும் பேசமுடியாது. மூன்றாம் விருந்துக்குப் பிறகு கண்ணீர் வருவதில்லை. ரம்மை விருந்தாளியே வாங்கி வந்துவிடுகிறார்.

சரித்திரத்தில் இருதுருவமாக இரண்டு உதாரணங்கள் கிடைக்கின்றன. 1784 முதல் 1787 வரை 28 பீரங்கிகள் கொண்ட போரியஸ் கப்பலுக்குத் தலைவனாக இந்தக் கடலில் பணியாற்றிய நெல்சனுக்கு இந்தத் துறை வேம்பாகக் கசந்தது. அமெரிக்கக் கப்பல்களோடு வியாபாரம் கூடாதென்ற சட்டத்தை அவன் கண்டிப்பாக அமல் நடத்தியதால் தீவின் வர்த்தகர்களுக்கும் அவன் கசந்தான். போகத் துடித்தவனைப் புயற்பருவமும் உத்தரவும் கட்டிப்போட்டன; கடைசியில் அவனுடைய பெயரையே டாக்யார்டுக்கு வைத்துவிட்டார்கள். மற்றொருவர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி வெர்னான் நிக்கல்சன். மாலிஹாக் என்னும் பாய்க்கப்பலில் குடும்பத்தோடு நெடுந்தூரம் போகப் புறப்பட்டவர், 1949-இல் பாழடைந்து கிடந்த இந்தத் துறைக்குள் வந்தார். விருந்தாளிகளைக் கூலிக்குக் கடலில் அழைத்துச் செல்லத் தொடங்கினார். அதுவே பெருந்தொழிலாக வளர்ந்தது. மேற்கொண்டு பிரயாணம் நடக்கவில்லை. புறப்பாட்டு வைராக்கியத்துக்கு ஒரு மூலபுருஷர் வேண்டுமானால் இவரைத் தவிர வேறொருவரை நான் அறியேன்.

புயல் வந்தால் என்ன செய்வார்கள் என்று ஒரு பூர்வபட்சம் எழக்கூடும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயற்பருவம். அது தொடங்குவதற்குள் தெற்கே கிரெனடாவுக்கோ டிரினிடாடுக்கோ போய்விட வேண்டுமென்று பல காப்பீட்டுக் கம்பெனிகள் நிபந்தனை விதிக்கின்றன. கடற்படையோ, 1723-இல் அடித்த புயலில் தீவின் ஏனைய துறைகளில் கப்பல்கள் சிதறியபோது இங்கே நின்றவை தப்பியதைக் கண்டு, புயலுக்கு அடைக்கலமென்றே இந்த இடத்தைத் தேர்ந்தது. மலை, மாங்குரோவ், அரண் எதுவும் மாறவில்லை; காப்பீட்டுப் பத்திரம் ஒன்றே புதிது. மே மாதக் கடைசியில் செடித்தொட்டி ஒரு கடைக்காரிக்குத் தானமாகிறது. அப்போது தோன்றுவது வைராக்கியமன்று, நிர்ப்பந்தம். ஆகையால் நம் ஆராய்ச்சிக்குப் புறம்பானது.

தீராத விவாதம் ஒன்றுண்டு. பக்கத்து மேட்டுக்கு அந்தப்புறம் ஃபால்மத் ஹார்பர் என்ற துறை இருக்கிறது. நடந்தால் பத்து நிமிஷம். சில படகுகள் விருந்துண்டு, விடைபெற்று, கடற்படைக் காலத்துப் பெருஞ்சங்கிலியில் சிக்கிய நங்கூரத்தை முக்குளிப்பவனுக்குக் கூலி கொடுத்து விடுவித்து, பெர்க்லி கோட்டையைத் தாண்டி வெளியே போய், வெளிக்கடலின் அலையை ஒருமுறை நோக்கிவிட்டு, வலப்புறம் திரும்பி ஃபால்மத்தில் நங்கூரமிட்டுவிடுகின்றன. இதைப் புறப்பாடென்று கொள்வதா? வெளியேறும் அனுமதி கேட்கப்படவில்லையாதலால் சுங்க இலாகாவின் சித்தாந்தப்படி படகு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் கயிற்றின் பாசி அறுபட்டிருக்கிறது. பயணக் குறிப்பேட்டில் காற்றின் வேகமும் திசையும் முறைப்படி பதிவாகியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தின இரவு குடித்த ரம்முக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. ஆகவே அது புறப்பாடுதான் என்பது என் துணிபு. படகுக்காரர் மாலையில் அந்த மேட்டைக் கடந்து நடந்து வந்து, பழைய நண்பர்களைச் சந்தித்து, அடுத்த நாள் நிச்சயம் குவாதலூப் என்று சொல்லிப்போகிறார்.